தலைவர் மறைந்தால் ஊர் ஏன் அழுகிறது? பொதுத் துக்கம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கருணாநிதி மறைந்தபோது அவருக்கு வயது 94. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மேடையேறிப் பேச முடியாமல் இருந்தார். அவருடைய கட்சி ஆட்சியை இழந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014 மக்களவைத் தேர்தலில் அதற்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. 2018 ஜூலை இறுதியில் காவேரி மருத்துவமனையில் சேர்த்தபோதே என்ன நடக்கப்போகிறது என்பது பலருக்கும் புரிந்துதான் இருந்தது. அப்படியிருந்தும் ஆகஸ்ட் 7 மாலை 6.10க்கு உயிர் பிரிந்தது என்ற அறிக்கை வந்ததும், வாசலில் நாள்கணக்காக ‘எழுந்து வா தலைவா’ என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த கூட்டம் கதறி அழுதது.

அன்றிரவு எங்களோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள், கல்லூரியில் படிப்பவள், கேட்டாள்: “இவங்கள்ல முக்காவாசிப் பேரு அவரைக் கிட்டத்துலகூடப் பாத்திருக்க மாட்டாங்க சித்தப்பா. அப்புறம் எதுக்கு இப்படி அழறாங்க?”

கேட்க வேண்டிய கேள்வி. சமூகவியலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நம் சங்கப் பாட்டில் ஒரு பதில் இருக்கிறது. ரேஷன் அட்டையும் நிலப் பட்டாவும் வைத்திருக்கும் எளிய மனிதர்களிடம் இன்னொரு பதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசிப் பதிலுக்குத்தான் எடை அதிகம் என்பேன்.

பொதுத் துக்கம் என்பது என்ன?

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் போகிறோம். அழ வேண்டியவர் யார், தேற்ற வேண்டியவர் யார் என்பது அங்கே தெளிவாக இருக்கும். மகள் அழுவாள், பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொள்வார். தலைவரின் சாவில் இந்தப் பிரிவு கலைந்துபோகிறது. இரத்த உறவே இல்லாத லட்சக்கணக்கானோர் தங்களையும் துக்க வீட்டுக்காரர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பலர் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மொட்டை என்பது மகன் தகப்பனுக்குச் செய்வது என்பதை நினைவில் வைத்தால், அதற்குள் இருக்கும் உரிமைக் கோரிக்கை விளங்கும்.

இப்படி உறவில்லாத பலர், பொது இடத்தில், ஒருவர் பார்க்க ஒருவர் சேர்ந்து காக்கும் துக்கத்தைத்தான் பொதுத் துக்கம் என்கிறோம். ‘ஒருவர் பார்க்க ஒருவர்’ என்பது இதில் முக்கியம். வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து வருந்தும் கட்சிக்காரரின் வருத்தம் உண்மையானதுதான், ஆனால் அது அவருடைய சொந்த வருத்தம். அவரே தெருமுனைக்கு வந்து, நாற்காலியில் வைத்த படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் “எழுபத்தொண்ணுல எங்க ஊருக்கு வந்தாருய்யா” என்று சொல்லத் தொடங்கும்போது அது பொதுத் துக்கமாகிறது.

பார்க்கிறவர்களைக் குழப்புவது, இதில் இரண்டு துக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுதான். ஒன்று அரசு அறிவிப்பது, மற்றது மக்கள் தாங்களே காப்பது. இரண்டுக்கும் நடுவில் கட்சி நிற்கிறது. அது அரசின் பக்கமும் பேசும், மக்கள் பக்கமும் பேசும். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் தொலைக்காட்சியில் ஓடுவது பாதி புரிந்துவிடும்.

அரசின் துக்கம்

இது முழுக்க விதிகளால் ஆனது. கருணாநிதி மறைவுக்கு மத்திய அரசு ஒரு நாளும் மாநில அரசு ஏழு நாளும் துக்கம் அறிவித்தன. துக்க நாள்களில் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், அரசு விழாக்கள் நடக்காது. கொடியை நேராகப் பாதி உயரத்தில் கட்டிவிடக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகுதான் கீழே இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் ஒருமுறை உச்சிக்கு ஏற்றிய பிறகே இறக்க வேண்டும். உடல்மீது கொடி போர்த்தினால் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடி குழிக்குள் போகக் கூடாது, சிதையில் எரியவும் கூடாது. அதனால்தான் அடக்கத்துக்குச் சற்று முன் படைவீரர்கள் கொடியை எடுத்து மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் 8 அன்று மெரினாவில் அதை வாங்கிக்கொண்டவர் மு.க.ஸ்டாலின்.

யாருக்கு அரசு மரியாதை என்பதை முடிவு செய்வதில் மாநில அரசுக்குச் சுதந்திரம் அதிகம். பெரியார் ஒருநாளும் அமைச்சராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ இருந்ததில்லை. 1973 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி அரசு மரியாதையோடு அடக்கம் நடக்க ஏற்பாடு செய்தார். ஆக, அரசின் துக்கம் பதவிக்கு மட்டும் தரப்படும் மரியாதை என்று நினைக்க வேண்டாம். “இவர் நமக்கெல்லாம் பொதுவானவர்” என்று அரசு பொதுவெளியில் சொல்லும் முறை அது.

இடமும் அப்படித்தான் பேசும். சென்னை ராஜாஜி மண்டபம் 1802இல் ஆங்கிலேயர் தங்கள் போர் வெற்றிகளைக் கொண்டாடக் கட்டிய விருந்து மண்டபம். இன்றைக்குத் தமிழர்களுக்கு அந்த அகன்ற படிக்கட்டைப் பார்த்தாலே சாவுதான் நினைவுக்கு வரும். அண்ணா, ராஜாஜி, பெரியார், காமராசர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என எல்லோருடைய உடலும் அங்கேதான் வைக்கப்பட்டது. படிக்கட்டின் மேல்பகுதியில் உடலை வைத்தால் கீழே நகரும் வரிசை நிமிர்ந்து பார்த்தபடி போக முடியும். எவ்வளவு நெரிசலிலும் ஒரு கணமாவது முகம் தெரியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இரவு பஸ் பிடித்துத் தூத்துக்குடியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வருகிறார்கள். 2018இல் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டுமாகக் கிடந்த அந்த உருவத்தைத் தாண்டிப்போன பலர் கும்பிட்டபடி நின்றுவிட்டார்கள். காவலர் தோளைத் தொட்டுத் தள்ளிய பிறகுதான் நகர்ந்தார்கள்.

பார்க்காத மனிதருக்காகக் கண்ணீர் எப்படி வரும்?

இனி என் அண்ணன் மகளின் கேள்விக்கு வருவோம்.

1956இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வானொலியையும் தொலைக்காட்சியையும் வைத்து ஒன்றைக் கவனித்தார்கள். தினமும் குரல் கேட்கிறோம், முகம் பார்க்கிறோம். எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் நம் மனம் அவரைத் தெரிந்தவர் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. இந்த ஒருவழி உறவில் பழக்கம், பாசம், கோபம் எல்லாம் உண்டு. அப்படியானால் இழப்பும் உண்டு. 1963இல் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட சில நாட்களுக்குள் அமெரிக்காவில் எடுத்த கருத்தாய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் அழுததாகச் சொன்னார்கள். மிக நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்ததுபோல் இருந்தது என்று சொன்னவர்களும் ஏராளம்.

தமிழ்நாட்டில் இந்த உறவு இன்னும் அடர்த்தியானது. திரைப்படம், மேடைப் பேச்சு, கட்சிப் பத்திரிகை, தெருமுனை ஒலிபெருக்கி என்று தலைவர்களின் குரல் அரை நூற்றாண்டாக வீட்டுக்குள் ஒலித்திருக்கிறது. ‘உடன்பிறப்பே’ என்று கருணாநிதி அழைத்ததை நாள்தோறும் படித்து வளர்ந்த ஒருவருக்கு அவர் அந்நியர் ஆக மாட்டார்.

ஆனால் இந்த விளக்கம் பாதிதான். குரல் கேட்ட பழக்கம் மட்டும் காரணமென்றால் ஒரு செய்தி வாசிப்பாளரின் சாவுக்கும் இதே கூட்டம் வர வேண்டும். வருவதில்லை. மீதிப் பாதி, அந்தத் தலைவரால் தன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று மாறியது என்ற கணக்கு. அழும் முகங்களைக் காட்டும் ஊடகங்கள் இந்தக் கணக்கைக் கேட்பதேயில்லை. “எப்படி உணர்கிறீர்கள்?” என்று ஒலிவாங்கியை நீட்டுகிறார்களே தவிர, “உங்களுக்கு அவர் என்ன செய்தார்?” என்று கேட்பது அரிது. கேட்டிருந்தால் நல்ல பதில்கள் கிடைத்திருக்கும்.

1973இல் கை ரிக்‌ஷாவை ஒழித்துச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார் கருணாநிதி. மனிதனை உட்காரவைத்து மனிதன் இழுத்த வண்டி அது. அதை இழுத்தவரின் பேரன் இன்று எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பான். 1989 சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. மத்திய அரசு அதைச் செய்ய 2005 வரை ஆனது. 1997இல் தொடங்கிய சமத்துவபுரம் திட்டத்தில் பல சாதியினருக்கும் அடுத்தடுத்து வீடு கொடுத்தார்கள். 2008இல் திருநங்கையர் நல வாரியம் வந்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணின் அம்மா ராஜாஜி மண்டப வரிசையில் நின்று அழுதால், அவர் பார்க்காத மனிதருக்காக அழுகிறார் என்று எப்படிச் சொல்வது? மகளின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பில் அவரைப் பார்த்திருக்கிறாரே.

அண்ணாவுக்கும் இதே கணக்கு. 1967 மார்ச்சில் முதல்வரான அவர் 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மறைந்தார். பதவியில் இருந்தது முழுதாக இரண்டு ஆண்டுகூட இல்லை. அதற்குள் புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டப்படி செல்லுபடி வாங்கிக்கொடுத்தார். முன்பே நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தியது. ஒரு கையெழுத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் சட்டத்தின் முன் மனைவியரானார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் வாரிசுகளானார்கள். அந்த வீடுகளில் 1969இல் அடுப்பு எரியவில்லை என்றால் அதில் மிகை எதுவும் இல்லை.

அந்த இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர் வந்தார்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 4 கோடியே 12 லட்சம்தான், சென்னை நகரில் சுமார் 25 லட்சம். மாநிலத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரே நாளில் மெரினாவில் கூடினார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நம்ப வேண்டிய தேவையும் இல்லை. தலைகளை எண்ணித் துக்கத்தை நிறுவும் பழக்கம் கட்சிக்காரர்களுக்குப் பெருமை தரலாம். வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது.

இந்தக் கணக்கு மொழி, நாடு, எல்லை எதையும் பார்ப்பதில்லை என்பதற்குச் சான்றாக ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ 2015 மார்ச் 23 அன்று மறைந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த நாட்களில் நாலரை லட்சம் பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். பலர் மணிக்கணக்காக, சில வேளைகளில் எட்டு மணி நேரம்வரை நின்றார்கள். 29ஆம் தேதி கொட்டும் மழையில் இறுதி ஊர்வலம் போனபோது சாலையோரத்தில் நின்றவர்கள் கலையவில்லை. அதே நாட்களில் மன்னார்குடி வட்டாரத்து ஊர்களில் லீ குவான் யூவின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் எழுந்தன. அந்த ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளின் எதிரே அவை நின்றன. ஒரு சீன முகம், அதன் கீழே தமிழில் இரங்கல் வாசகம், வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல். அந்தப் பதாகையை வைக்கச் சொல்லி எந்தக் கட்சித் தலைமையும் ஆணையிடவில்லை. அதில் ஓட்டுக்கும் வேலையில்லை. பொதுத் துக்கம் என்றால் என்ன என்று ஒருவருக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டுத் தரச் சொன்னால் இதைத்தான் தருவேன்.

அழுகை நடிப்பா?

இந்தச் சந்தேகம் எப்போதும் எழும். கேமரா திரும்பியதும் குரல் உயர்கிறதே, மார்பில் அடித்துக்கொள்கிறார்களே, இதெல்லாம் உண்மையா என்று கேட்பார்கள்.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் இதற்கு ஒரு கூர்மையான விடை சொன்னார். துக்கம் காப்பது தனிமனித உணர்ச்சி தானாகப் பொங்கி வழிவதல்ல, குழு தன் உறுப்பினர்மேல் சுமத்தும் கடமை என்றார். ஓர் உறுப்பினரை இழந்த கூட்டம் தான் பலவீனப்பட்டதாக உணர்கிறது. சேர்ந்து அழுவதன் மூலம் தான் இன்னும் ஒரு கூட்டமாகத்தான் இருக்கிறோம் என்று தனக்கே உறுதி சொல்லிக்கொள்கிறது. அழும் கடமைக்காக ஒருவர் அழத் தொடங்கினாலும், சுற்றிலும் அழுகை கேட்கக் கேட்க அந்த அழுகை உண்மையாகிவிடும்.

தமிழர்களுக்கு இதை துர்கைம் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒப்பாரிக்கு ராகம் உண்டு, அடுக்கு உண்டு, யார் எப்போது எடுத்துக் கொடுப்பது என்ற முறை உண்டு. ராகம் போட்டு அழுவதால் அந்தப் பெண்ணின் துயரம் பொய் என்று நம் கிராமங்களில் யாரும் சொன்னதில்லை. வடிவம் இருந்தால்தான் வாய்விட்டு அழ முடிகிறது என்பது இழவு வீட்டுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும்.

தலைவனுக்காக ஊர் அழுவதும் நமக்குப் புதிதல்ல. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் செயலற்று நின்று புலம்புவதைச் சங்க இலக்கியம் கையறுநிலை என்று தனித் துறையாகவே வகுத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்குகிறது அந்தப் புலம்பல். சிறுசோறானாலும் பலரோடு உண்டான், பெருஞ்சோறானாலும் பலரோடு உண்டான், எலும்போடு கூடிய இறைச்சியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அம்பும் வேலும் பாயும் இடத்தில் தான் போய் நின்றான் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துக்கொண்டு போனது என்கிறார். வீரத்தைப் பாராட்டும் முன் ஔவையார் சொல்வது, எங்களுக்கு அவன் என்ன கொடுத்தான் என்ற பட்டியலை. இரண்டாயிரம் ஆண்டு தாண்டித் தெருமுனையில் ஒரு பெரியவர் “கலைஞர் குடுத்த டி.வி.தாம்மா இன்னும் ஓடுது” என்று சொல்லி அழும்போது அதே இலக்கண மரபில்தான் நிற்கிறார். அந்த அழுகையை இலவசத்துக்கு விலைபோன அழுகை என்று ஏளனம் செய்கிறவர்கள் ஔவையாரையும் சேர்த்தே ஏளனம் செய்கிறார்கள்.

தலைமாட்டில் நிற்பது யார்?

துக்கத்துக்குள் அரசியல் நுழையும் இடத்தை உடலின் தலைமாட்டில் பார்க்கலாம். 1987 டிசம்பர் 24 அதிகாலை எம்.ஜி.ஆர். மறைந்தார். ராஜாஜி மண்டபத்தில் அவர் தலைமாட்டில் இரண்டு நாளும் மணிக்கணக்காக அசையாமல் நின்றவர் ஜெயலலிதா. இறுதி ஊர்வலம் கிளம்பியபோது பீரங்கி வண்டியில் ஏறியவரைக் கீழே தள்ளினார்கள். அடுத்த தலைமை யார் என்ற சண்டை உடல் மண்ணுக்குள் போகும் முன்பே தொடங்கிவிட்டது. 2016 டிசம்பர் 6 அன்று ஜெயலலிதாவின் உடலைச் சுற்றிச் சசிகலாவும் அவர் உறவினர்களும் வளையமாக நின்றதை மாநிலமே பார்த்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு, நள்ளிரவு தாண்டி, ஓ.பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்று முடித்திருந்தார்.

அடக்கம் செய்யும் இடத்துக்கும் இதே சண்டை வரும். கருணாநிதிக்கு மெரினாவில் இடம் தர மறுத்து, கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகே நிலம் தருவதாக அன்றைய அரசு சொன்னது. சட்டச் சிக்கலைக் காரணம் காட்டியது. திமுக அன்றிரவே உயர்நீதிமன்றத்தை நாடியது. பொறுப்புத் தலைமை நீதிபதியின் இல்லத்தில் இரவில் விசாரணை நடந்தது, மறுநாள் காலை தொடர்ந்தது, அண்ணா நினைவிடத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. செய்தி வந்தபோது ராஜாஜி மண்டபத்தில் கூட்டத்தை நோக்கிக் கும்பிட்டபடி ஸ்டாலின் உடைந்து அழுததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறடி நிலத்துக்கு ஏன் இந்தப் பாடு? காரணம் இருக்கிறது. மெரினாவில் யார் பக்கத்தில் யார் கிடக்கிறார் என்பது, யாருக்கு யார் வாரிசு என்ற வரலாற்றைக் கல்லில் எழுதுவது. அண்ணாவின் பக்கத்தில் கருணாநிதி, எம்.ஜி.ஆரின் பக்கத்தில் ஜெயலலிதா. கடற்கரைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் அந்த வரிசையைத்தான் பாடமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பொதுத் துக்கத்துக்கு ஒரு கொடிய முகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அண்ணாவுக்கு அஞ்சலி செலுத்த ரயில் கூரைமேல் ஏறி வந்தவர்களில் பலர் கொள்ளிடம் பாலத்தில் மோதி இறந்தார்கள். எம்.ஜி.ஆர். மறைந்தபோது சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன, அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலை உடைக்கப்பட்டது. ஜெயலலிதா மறைவின் அதிர்ச்சியில் இறந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் என்று நூற்றுக்கணக்கானோரைக் கட்சியே பட்டியலிட்டுத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆதரவிழந்த குடும்பத்துக்குக் கைகொடுப்பது வேறு, உயிரை விடுவதை விசுவாசத்தின் அளவுகோலாக்குவது வேறு. கட்சிகள் இரண்டையும் கலக்கின்றன, பத்திரிகைகளும் அந்தப் பட்டியலைத் துக்கத்தின் ஆழத்துக்குச் சான்றாக அச்சிடுகின்றன. இது உடனே நிற்க வேண்டிய வழக்கம். தலைவருக்காக உயிர் விட்டவர்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் மேடை எதுவானாலும், அங்கே இருப்பவர்கள் எழுந்து “வேண்டாம்” என்று சொல்ல வேண்டும்.

பிடிக்காதவர்கள் என்ன செய்வது?

ஒரு தலைவரின் சாவுக்கு எல்லோரும் அழ வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. அவரால் பாதிக்கப்பட்டவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் மௌனமாக இருக்கும் உரிமையைப் பொதுத் துக்கம் பறித்துவிடக் கூடாது.

ஆனால் எதிரணியில் இருப்பவர் மனமார வருந்தவும் முடியும். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். கடவுள், சாதி, மொழி, கல்வி என்று எதிலும் அவரோடு ஒத்துப்போகாத பெரியார், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து அழுதார். ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துத் தமிழகம் முழுக்கப் போராட்டம் நடத்தியவர் அவர். அந்த எதிர்ப்பில் ஒரு சொல்லைக்கூட அவர் திரும்பப் பெறவில்லை. நண்பருக்காக அழுதார், அவ்வளவுதான். நம் பொதுவாழ்க்கை எவ்வளவு தாழ்ந்தாலும் இந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஏழாம் நாளுக்குப் பிறகு

அரசின் துக்கம் தேதி போட்டு முடியும். ஏழாம் நாள் கழிந்தால் கொடி உச்சிக்குப் போய்விடும். கட்சியின் துக்கம் நாட்காட்டியில் ஏறிவிடும். பிப்ரவரி 3 வந்தால் அண்ணா நினைவிடத்துக்கு அமைதிப் பேரணி போவது அரை நூற்றாண்டு வழக்கம்.

மக்களின் துக்கம் ஓட்டாக மாறுமா என்பதுதான் பலரும் கேட்பது. சில சமயம் மாறும். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டபின் நடந்த தேர்தலில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணி 234 இடங்களில் 225ஐ அள்ளியது. திமுகவுக்குக் கிடைத்தது 2. அனுதாப அலை என்ற பேச்சு அதனால்தான் இன்றும் நிற்கிறது. ஆனால் அலையை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள்தான் அதிகம். எம்.ஜி.ஆருக்காக அப்படி அழுத தமிழ்நாடு, 1989 ஜனவரியில் பிளவுபட்டு நின்ற அவர் கட்சியைத் தோற்கடித்துத் திமுகவைக் கொண்டுவந்தது. ஜெயலலிதாவின் சொந்தத் தொகுதியான ராதாகிருஷ்ணன் நகரில் 2017 இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு சுயேச்சையிடம் தோற்றது. 2019 மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சிக்குத் தேனி ஒன்றுதான் மிஞ்சியது. காமராசர் கதை இதற்கு மறுதலை. 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தபோது, அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களும் ராஜாஜி மண்டபத்துக்கு வந்தார்கள். அவர் திறந்த பள்ளிக்கூடத்தில், அவர் போட்ட மதிய உணவைச் சாப்பிட்டு எழுத்துக் கற்றவர்கள் அவர்களில் இருந்தார்கள்.